'கர்ரி' என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வர்த்திலும் வெருலத்திலும் வீட்டுக்கு வீடு நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொல் 'கர்ரி'. தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், அவர்களுடைய வீட்டுப்பாடத்துக்கு உதவும் பெற்றோர், வெளிநாட்டுச் சமையல் குறிப்பைப் பார்த்துக் குழம்பியவர்கள், கறிவேப்பிலை என்று நினைத்து வேறு செடியை வாங்கி வந்தவர்கள் எனப் பலரும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். ஆங்கிலச் சொல்லைச் சொல்லும் இடத்தில் 'கர்ரி' என்றும், தமிழ்ச் சொல்லைச் சொல்லும் இடத்தில் 'கறி' என்றும் எழுதுகிறோம்.

இது உண்மையிலேயே தமிழிலிருந்து போன சொல்தானா?

ஆம், சாப்பாட்டைக் குறிக்கும் 'கர்ரி' தமிழ்ச் சொல்தான். பெரிய ஆங்கில அகராதிகள் 'கறி'யையே மூலமாகக் காட்டுகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் இதே எழுத்துக்கூட்டில் வேறு சொற்களும் இருக்கின்றன. அவற்றுக்கும் நம் அடுப்படிக்கும் சம்பந்தம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே வேரில் கட்டிவிட்டால், உண்மையாக நம்முடையது எதுவோ அதன் மீதும் சந்தேகம் விழும்.

பழந்தமிழில் 'கறி' என்றால் என்ன?

மிளகு. சங்கப் பாடல்களில் இந்தப் பொருள் தெளிவாக இருக்கிறது. யவனரின் கப்பல் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று முசிறித் துறைமுகத்தைப் பற்றி அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. பொன்னைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது பொருள். இதை இன்றைய பொருளில் படித்தால் இறைச்சி ஏற்றுமதி போலத் தோன்றிவிடும். பட்டினப்பாலை சொல்லும் 'கருங்கறி மூடை' கரிய மிளகு மூட்டைதான்.

சமையலோடு சேர்த்துப் பார்க்க நல்ல இடம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடி கலந்து, கறிவேப்பிலையின் இளந்தழையைச் சேர்ப்பதாக அங்கே ஒரு பக்குவம் வருகிறது. மிளகுப்பொடிக்கு அந்தப் பாட்டு ஆளும் சொல் 'கறி'. கறிவேப்பிலைக்கு அது தரும் பெயர் 'கஞ்சகம்'. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வந்த பிறகே அது நம் நாட்டுக்கு வந்தது. அதுவரை நம் சமையலின் காரத்துக்கு முதன்மையானது மிளகு.

இன்னொரு பக்கம், 'கறித்தல்' என்ற வினைக்குப் பல்லால் கடித்துத் தின்னுதல் என்று பொருள். சோற்றோடு கடித்துக்கொள்ளும் காய், இறைச்சி, மீன் எல்லாமே கறியாயின. தொடுகறி, காய்கறி, மரக்கறி என்ற சொற்களில் இந்தப் பொருள் இன்றும் இருக்கிறது.

'கரி'யும் 'கறி'யும் ஒன்றா?

ஒன்று அல்ல. இடையின ரகரம் போட்ட 'கரி' அடுப்புக்கரி, யானைக்கும் அதே பெயர். வல்லின றகரம் போட்டது சாப்பாட்டுக் கறி. நம் பிள்ளைகள் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால் தேர்வில் மாற்றி எழுதிவிடுகிறார்கள். கருகிய உணவிலிருந்து கறி வந்தது என்ற விளக்கமும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான்.

ஆங்கிலத்துக்கு எப்படிப் போனது?

போர்த்துக்கீசியர் வழியாக. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்டா 1563இல் வெளியிட்ட நூலில், கோழியிலும் இறைச்சியிலும் செய்யும் பண்டத்துக்குக் 'கரில்' என்று பெயர் சொல்கிறார். டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் பயண நூல் 1598இல் ஆங்கிலமானபோது, மீன் வெந்த புளிப்பான சாற்றைச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவதாகவும் அதன் பெயர் 'கர்ரியல்' என்றும் அச்சானது. ஆங்கில அச்சில் இந்தச் சொல்லின் முதல் தடம் அதுவே. அவர் சொல்வதைப் படித்தால் நமக்குப் புளி ஊற்றிய மீன்குழம்பு நினைவுக்கு வரும்.

கடைசியில் ஏன் ஒரு லகரம்? மேற்குக் கரையில், கன்னட வழக்கின் வழியாகப் போர்த்துக்கீசியர் எடுத்துக்கொண்ட வடிவம் அது என்பது 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் விளக்கம். போர்த்துக்கீசிய மொழியில் இன்றும் 'கரில்'தான். ஆங்கிலேயர் சென்னைப் பக்கம் நிலைகொண்ட பிறகு லகரம் உதிர்ந்தது.

1747இல் ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி தம் சமையல் நூலில் 'இந்திய முறையில் கர்ரி' என்று ஒரு பக்குவம் கொடுத்தார். முதல் பதிப்பில் மசாலா என்று இருந்தவை மிளகும் கொத்தமல்லி விதையும் மட்டுமே. கொத்தமல்லியைச் சுத்தமான கரண்டிச் சட்டுவத்தில் நெருப்பின் மேல் வறுத்து இடிக்கச் சொல்கிறார். மஞ்சளும் இஞ்சியும் பிந்திய பதிப்புகளில் சேர்ந்தன. 1784இல் லண்டன் நாளிதழில் ஆயத்தக் கர்ரிப் பொடிக்கு விளம்பரம் வந்தது. 1810இல் பாட்னாவைச் சேர்ந்த ஷேக் தீன் முகமது லண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் திறந்தார்.

இங்கிலாந்தில் 1390இலேயே 'கர்ரி' என்று ஒரு சமையல் நூல் இருந்ததாமே?

'தி ஃபோர்ம் ஆஃப் க்யூரி' என்ற சுவடியைத்தான் சொல்கிறார்கள். இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் அரண்மனைச் சமையற்காரர்கள் தொகுத்தது. அதில் வரும் 'க்யூரி' பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். சமையற்கலை என்று மட்டுமே பொருள். ஒரு பண்டத்துக்கும் அது பெயராக வரவில்லை. அந்தச் சொல் வளர்ந்து கர்ரி ஆகியிருந்தால், ஆங்கிலத்தின் பழைய மேற்கோள்கள் உள்நாட்டு உணவைப் பற்றி இருந்திருக்க வேண்டும். 1598 முதல் கிடைப்பவை இந்தியாவைப் பற்றியே பேசுகின்றன.

பள்ளிப் பாடத்தில் 'கர்ரி ஃபேவர்' என்று வருகிறதே, அது நம் கறியா?

இல்லை. இதில்தான் மிகுதியான பேர் தடுமாறுகிறார்கள்.

இந்தக் 'கர்ரி' ஒரு வினைச்சொல். ஆயத்தப்படுத்து என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்து, குதிரையைத் தேய்த்து வாருதல் என்றாயிற்று. லாயத்தில் குதிரையின் உடம்பைத் தேய்க்கும் பல்வரிசைக் கருவிக்கு 'கர்ரிகோம்' என்றும், பதனிட்ட தோலை மென்மையாக்கித் தரும் தொழிலாளிக்குக் 'கர்ரியர்' என்றும் பெயர் வந்தது இதனால்தான்.

பிறகு அந்தத் தொடர் எப்படி உண்டானது? 1310களில் பிரான்சில் ஃபோவெல் என்ற குதிரையை நாயகனாக வைத்து ஒரு அங்கதக் கவிதை எழுதப்பட்டது. வஞ்சகமும் பாசாங்கும் அந்தக் குதிரையின் குணம். பதவியில் இருப்பவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று அதைத் தேய்த்துவிட்டு அதன் தயவைத் தேடுகிறார்கள். 'ஃபோவெலைத் தேய்ப்பது' முகத்துதிக்குப் பெயராகி ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரையின் கதை மறந்துபோன பிறகு, 16ஆம் நூற்றாண்டில் 'ஃபேவெல்' என்ற ஒலி பழகிய சொல்லான 'ஃபேவர்' ஆகிவிட்டது.

தமிழில் காக்காய் பிடித்தல், ஐஸ் வைத்தல் என்பவை சரியாகப் பொருந்தும். தேர்வில் கவனிக்க வேண்டியவை இரண்டு. யாரிடம் தயவு தேடுகிறோமோ அவருக்கு முன்னால் 'வித்' வர வேண்டும், 'டு' போட்டால் பிழை. 'ஃபேவர்' என்பதைச் சுவை என்ற பொருளுள்ள 'ஃப்ளேவர்' என்று எழுதினாலும் மதிப்பெண் போகும். சாப்பாட்டு நினைவில் கை அப்படி எழுதிவிடுகிறது.

ஆட்களின் குடும்பப் பெயராகவும் இருக்கிறதே?

அயர்லாந்து, ஸ்காட்லாந்து வழிக் குடும்பப் பெயர் அது. கணினி நிரலாக்கம் படிப்பவர்கள் சந்திக்கும் 'கர்ரியிங்' அமெரிக்கத் தர்க்கவியலாளர் ஹாஸ்கல் கர்ரியின் பெயரால் வந்தது. அதே கருத்தை மோசஸ் ஷோன்ஃபிங்கல் 1924இலேயே வெளியிட்டிருந்தார்.

தமிழ்நாட்டு உறவினரிடம் 'கறி' என்றால் ஆட்டிறைச்சி என்று எடுத்துக்கொள்கிறார்களே?

அங்கே பெரும்பாலான வீடுகளில் 'கறி எடுத்தோம்' என்றால் ஆட்டிறைச்சி வாங்கினோம் என்று பொருள். பிராமணர் வீடுகளில் அதே சொல் எண்ணெயில் வதக்கிய காய்க்கு வரும். யாழ்ப்பாணத்தாருக்கு மீனோ காயோ எது குழம்பாக வந்தாலும் கறிதான். நம் டர்பன் ஆங்கிலத்தில் 'கர்ரி' என்றால் மசாலாவும் சாறும் உள்ள முக்கியப் பண்டம். அவரைக்கொட்டை, பருப்பு, கத்தரிக்காய், மடும்பி என்னும் கிழங்கு என்று எதையும் அப்படிச் சொல்கிறோம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. புரட்டாசி விரதம் இருப்பவர் சென்னையில் போய் 'எனக்குக் கறி போதும்' என்று சொன்னால் இலையில் இறைச்சி விழக்கூடும். அங்கே 'சைவக் குழம்பு' என்றோ 'காய்' என்றோ கேளுங்கள். அங்கிருந்து வருபவரிடம் நம் வீட்டில் 'பீன்ஸ் கர்ரி' என்று சொல்லும்போது அதில் இறைச்சி இல்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தக்காளியை மட்டும் வதக்கி அதில் முட்டையோ தகர மீனோ போட்டால் டர்பனில் அது 'சட்னி' ஆகிவிடும், கர்ரி ஆகாது. தமிழ்நாட்டார் சட்னி என்றதும் அரைத்த துவையலை எதிர்பார்ப்பார்கள்.

'கெர்ரி' என்று ஆப்பிரிகான்ஸ் மொழியில் சொல்வதும் இதுதானா?

அதே சொல், டச்சு வழியாக வந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டிலிருந்து வங்காளம், சோழமண்டலக் கரை, மலபார், இன்றைய இந்தோனேசியா ஆகிய இடங்களிலிருந்து மக்களை அடிமைகளாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குக் கொண்டுபோனது. ஆகவே 1860இல் நம் முன்னோர் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே மசாலாச் சமையல் இந்த நாட்டின் தென்கோடிக்கு வந்துவிட்டது. கேப் மலாய்க்காரரின் கெர்ரி சற்று இனிப்பாகவும் புளிப்பாகவும் இருக்கும். கொத்திய இறைச்சியின் மேல் முட்டைக் கலவை ஊற்றிச் சுடும் பொபோட்டியிலும், ஈஸ்டர் நாளின் ஊறுகாய் மீனிலும் அந்தச் சுவையைக் காணலாம்.

கடைப் பொட்டலங்களில் 'பொர்ரி' என்று இருந்தால் மஞ்சள்தூள், 'கோல்யாண்டர்' கொத்தமல்லி, 'கொமெய்ன்' சீரகம். இந்தியக் கடைகளில் இவற்றையே ஹிந்தி, குஜராத்தி வழியாக வந்த பெயர்களில், தனியா, ஜீரா என்று எழுதியிருப்பார்கள்.

பக்கத்துத் தீவுகளிலும் இந்தச் சொல் இருக்கிறது. மொரீஷியஸ் தமிழர் விழாக்களில் வாழையிலையில் பரிமாறும் 'செட் காரி' ஏழு கறிகள் சேர்ந்த விருந்து. ரியூனியனில் 'காரி' என்பது வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள், தைம் சேர்ந்த அன்றாடச் சமையல். மசாலாப் பொடி போட்ட ஆட்டுக்கறிக்கு அங்கே 'மசாலே' என்று தனிப்பெயர். ஜப்பானியரின் 'கரே' பிரிட்டிஷார் வழியாகப் போனது. அதனால்தான் அதன் சாறு கோதுமை மாவு போட்டுக் கெட்டியாக இருக்கிறது.

டர்பன் கர்ரி ஏன் இவ்வளவு சிவப்பு?

மிளகாய்ப்பொடி அதிகம், மஞ்சள் குறைவு, தேங்காய்ப்பால் பெரும்பாலும் கிடையாது.

'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்றது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். கரும்புத் தோட்டத்தில் கிடைத்த படி அரிசி, பருப்பு, உப்புமீன், எண்ணெய், உப்பு. அரிசிக்குப் பதில் மக்காச்சோள மாவை அளந்து கொடுத்ததும் உண்டு. சப்பென்ற மாவை உண்ண வைக்கக் காரமும் புளிப்பும் உள்ள குழம்பு வேண்டியிருந்தது. இந்த மண்ணில் விளையும் மடும்பிக் கிழங்கும் சர்க்கரை அவரையும் நம் சட்டிக்குள் வந்தன. தைம் தழையும் கறிவேப்பிலையோடு சேர்ந்துகொண்டது.

குறிப்பில் 'கர்ரி பவுடர்' என்று இருந்தால் நம் மசாலாவை அதே அளவு போடலாமா?

போட்டால் வாய் எரியும். பிரிட்டிஷ் வகைக் கர்ரிப் பொடியில் கொத்தமல்லி, மஞ்சள், வெந்தயம், சீரகம் மிகுதி, மிளகாய் கொஞ்சம். டர்பன் மசாலாவில் மிளகாய்தான் முதலிடம்.

குறிப்பில் 1 மேசைக்கரண்டி கர்ரிப் பொடி என்றிருந்தால், 1 தேக்கரண்டி டர்பன் மசாலா, ஒன்றரைத் தேக்கரண்டி கொத்தமல்லித்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை வெந்தயத்தூள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கமாக, நம் பக்குவத்தில் 2 மேசைக்கரண்டி மசாலா வேண்டும், கையில் கர்ரிப் பொடிதான் இருக்கிறது என்றால், 1 மேசைக்கரண்டி கர்ரிப் பொடியும் 1 மேசைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்ப்பொடியும் போடுங்கள். கர்ரிப் பொடியையே 2 கரண்டி போட்டால் வெந்தயமும் மஞ்சளும் மிஞ்சிக் கசக்கும்.

வீட்டில் கலப்பதற்கு ஒரு நல்ல அளவு: காஷ்மீரி மிளகாய்ப்பொடி 60 கிராம், காரமான மிளகாய்ப்பொடி 40 கிராம், கொத்தமல்லித்தூள் 50, சீரகத்தூள் 25, சோம்புத்தூள் 10, மஞ்சள்தூள் 10, பட்டை-கிராம்பு-ஏலக்காய் சேர்ந்த தூள் 5 கிராம். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் வெளிச்சம் படாமல் வைத்தால் 3 மாதம் வரை மணம் நன்றாக இருக்கும்.

ஆட்டுக்கறியில் உருளைக்கிழங்கு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாமல் நிற்கிறதே?

புளிப்புதான் காரணம். கிழங்கின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பான சாற்றில் கரைவதில்லை. தக்காளியோ புளியோ நிறைய இருந்தால் கிழங்கு மேலே வெந்தாலும் நடுவில் கடுக்கென்று இருக்கும்.

எலும்போடு 1 கிலோ ஆட்டிறைச்சிக்கு 3 மேசைக்கரண்டி எண்ணெய், பெரிய வெங்காயம் 1, பட்டை ஒரு துண்டு, சோம்பு அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கொத்து, தைம் 2 கிளை. வெங்காயம் பொன்னிறமானதும் 1 மேசைக்கரண்டி இஞ்சி-பூண்டு விழுது. தீயைக் குறைத்து 2 மேசைக்கரண்டி மசாலா போட்டு அரை நிமிடத்துக்குள் இறைச்சியைச் சேர்த்துவிடுங்கள். மிளகாய்ப்பொடி கருகினால் கசப்பு ஏறும், பிறகு எதைப் போட்டாலும் போகாது. கருகும் போலத் தெரிந்தால் உடனே 2 கரண்டி தண்ணீர் தெளியுங்கள்.

இறைச்சி நீர்விட்டு வற்றியதும் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மூடி, சின்னத் தீயில் 1 மணி நேரம். அதன் பிறகு நான்காக வெட்டிய உருளை 4. கிழங்கு முக்கால் பங்கு வெந்த பிறகே 2 தக்காளியைத் துருவிப் போடுங்கள். தக்காளியை முதலிலேயே வதக்கும் வழக்கம் உள்ளவர்கள், கிழங்கைத் தனியாக உப்பு நீரில் 10 நிமிடம் வேகவைத்துச் சேர்க்கலாம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றால் இறக்கலாம். ரொட்டியைக் குடைந்து கர்ரி நிரப்பும் பன்னி சௌவுக்கு என்றால் சாறு சற்றுக் கெட்டியாக இருக்கட்டும், ரொட்டியின் அடி நனைந்து உடையாது.

'கர்ரி' காலனிக்காரர் சொல், அதை விட்டுவிட வேண்டும் என்கிறார்களே?

நூறு விதப் பண்டங்களை ஒரே பெயரில் அடக்கியது ஆங்கிலேயர் செய்த வேலை. அந்தக் குறை உண்மை. நம்மை இழிவுபடுத்த இந்தச் சொல்லைச் சேர்த்து வசவுகள் உண்டாக்கியிருப்பதும் உண்மை. ஆனாலும் சொல் நம் முன்னோர் வாயிலிருந்து போனது, நேட்டாலில் ஐந்தாறு தலைமுறையாக நம் வீட்டுப் பேச்சில் இருப்பது. அதை விட வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. செய்ய வேண்டியது ஒன்று: தனிப்பெயர் உள்ள பண்டத்தை அந்தப் பெயரால் சொல்லுங்கள். ரசத்தையும் கூட்டையும் புளிக்குழம்பையும் பிள்ளைகளிடம் 'கர்ரி' என்று சொல்லி முடித்துவிட்டால் அந்தப் பெயர்கள் ஒரு தலைமுறையில் மறைந்துவிடும்.

வேறு எந்த ஆங்கிலச் சொற்கள் தமிழிலிருந்து போனவை?

கட்டமரான் கட்டுமரத்திலிருந்தும், செரூட் சுருட்டிலிருந்தும், முல்லிகட்டானி மிளகுத்தண்ணீரிலிருந்தும் போனவை என்று உறுதியாகச் சொல்லலாம். 'கேஷ்' விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கிழக்கு நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம் காசுதான். கடையில் கொடுக்கும் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பணப்பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'ஒன்' என்பது 'ஒன்று' என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள்.

நர்சரியில் 'கர்ரி பிளாண்ட்' என்று வாங்கினோம், குழம்பில் வாசனையே வரவில்லை. ஏன்?

அது மத்தியதரைக்கடல் பக்கத்து ஹெலிக்ரைசம் இட்டாலிகம். வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஊசி போன்ற இலை, மஞ்சள் பூ. தேய்த்து முகர்ந்தால் கர்ரிப் பொடி போல மணக்கும், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்க மலைப்பகுதிகளில் 'கர்ரி புஷ்', 'கெர்ரிபோஸ்' என்று அழைக்கப்படும் ஹைபெரிகம் ரெவொலூட்டம் இன்னொன்று. அதுவும் மணத்தால் பெற்ற பெயரே, தாளிப்புக்கு ஆகாது.

நமக்கு வேண்டியது முராயா கொய்னிகி, எலுமிச்சைக் குடும்பத்து மரம். ஒரு காம்பின் இருபுறமும் பளபளப்பான சிறு இலைகள் வரிசையாக இருக்கும். மொரீஷியஸில் 'காரிபுலே' என்றும் ரியூனியனில் 'கலுபிலே' என்றும் கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டிலும் நம் கறிவேப்பிலையின் ஒலி இருக்கிறது.

விதையை உலர்த்தி வைத்தால் முளைப்புத் திறன் போய்விடும், பழுத்த உடனே சதையை நீக்கி ஊன்ற வேண்டும். இன்னும் எளிய வழி, பெரிய மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றை வேரோடு வெட்டி எடுத்து நடுவது. டர்பனில் வெளியிலேயே வளரும். ஜோகானஸ்பர்க்கில் உறைபனி இளஞ்செடியைக் கொன்றுவிடும், ஆகவே தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் வெயில் படும் சன்னலோரம் கொண்டுவந்துவிடுங்கள். குளிரில் இலை உதிர்ந்தால் தண்ணீரைக் குறையுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் மிகுந்தால்தான் வேர் அழுகும்.